காவேரி ஓடாத காவேரிப்பட்டணம்: நம் பக்கத்துப் பழைய இடங்களில் நாம் செய்யும் தவறுகள்

அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது 'எங்கள் ஊரின் சிறப்பு' என்று பள்ளிக்கு ஒரு கட்டுரை எழுதினாள். "எங்கள் ஊர் காவேரிப்பட்டணம். கோவலனும் கண்ணகியும் வாழ்ந்த ஊர். இங்கே இந்திர விழா நடந்தது. கடலில் கப்பல்கள் வந்து நின்றன" என்று நாலு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. பத்துக்கு ஒன்பது மார்க்கும் வாங்கியிருந்தாள். என்னிடம் காட்டிவிட்டு அவளே கேட்டாள்: "சித்தப்பா, அப்ப கடல் எங்க போச்சு?"

சரியான கேள்வி. அதைக் கேட்கத் தோன்றாமல் பெரியவர்களே இந்தத் தவறைச் செய்கிறோம். சிலப்பதிகாரத்தில் வருவது காவிரிப்பூம்பட்டினம், அதாவது பூம்புகார். இப்போதைய மயிலாடுதுறை மாவட்டத்தில், காவிரி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. 1960களில் அங்கே கீழையூரில் தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. நம்முடையது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணம். ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. காவிரியைப் பார்க்க வேண்டுமென்றால் நாம் ஒகேனக்கல்லுக்குப் போக வேண்டும்.

தென்பெண்ணை கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணை, அப்புறம் நம் கே.ஆர்.பி. அணை என்ற கிருஷ்ணகிரி அணை, அடுத்துச் சாத்தனூர் அணை என்று இறங்கி, திருக்கோவிலூரைக் கடந்து கடலூரில் கடலைச் சேர்கிறது. ஆக, நம் ஊர்த் தண்ணீரும் கடலுக்குத்தான் போகிறது, அது வேறு கடற்கரை. குழந்தைக்கு இதை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். பிறகு, "நம்ம ஊர்ல கப்பல் வரலதான். ஆனா 1767ல இங்க ஒரு கோட்டை இருந்தது, தெரியுமா?" என்றேன். தெரியாது என்றாள். முதல் மைசூர்ப் போரில் ஆங்கிலேயர் அந்தக் கோட்டையைப் பிடித்தார்கள், அதே ஆண்டில் ஹைதர் அலி அதைத் திரும்பப் பிடித்தார். இது நம் ஊர்க் கதை. பூம்புகாரின் கதையை இரவல் வாங்கியதில் இது நாலு பக்கக் கட்டுரையில் ஒரு வரிகூட வரவில்லை.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுப் பிள்ளைகளை, விருந்தாளிகளை, யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துப் பழைய இடங்களுக்குப் போய் வருகிறேன். நானும் நிறையத் தவறு செய்திருக்கிறேன். பார்த்தவரையில் கெட்ட எண்ணத்தில் நடக்கும் கேடு குறைவு. பக்தியிலும் பெருமையிலும் அக்கறையிலும் நடக்கும் கேடுதான் அதிகம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பெயரைப் பார்த்து முடிவு கட்டுவது

தருமபுரியிலிருந்து சேலம் போகிற வழியில் அதியமான்கோட்டை. சங்ககாலத்துத் தகடூர்தான் இன்றைய தருமபுரி என்பதால், வருகிறவர்கள் அங்கே தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி வாழ்ந்த அரண்மனையை எதிர்பார்க்கிறார்கள். அங்கே அதியமானுக்கும் ஔவைக்கும் சிலை வைத்த 'அதியமான் கோட்டம்' இருக்கிறது. அது நம் காலத்தில் அரசு கட்டிய நினைவிடம். கோட்டம் வேறு, கோட்டை வேறு. கோட்டத்தின் முன்னால் நின்று "ரெண்டாயிரம் வருஷக் கட்டடம்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பெரியவரைக் கேட்டிருக்கிறேன். அவர் சொன்ன தொனியில் அவ்வளவு பெருமை இருந்தது, குறுக்கே பேச மனம் வரவில்லை. அதே ஊரில் சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன. நிமிர்ந்து பார்க்காமல், காலபைரவரைக் கும்பிட்டுவிட்டு நேரே வண்டி ஏறுகிறவர்களே அதிகம்.

அதியமான் என்பது ஒரே ஆள் என்று நினைப்பதும் இதே வகை. அது ஒரு குடியின் பெயர். நெடுமான் அஞ்சி, அவன் மகன் பொகுட்டெழினி என்று சங்கப் பாட்டில் தொடங்குகிறது. நாமக்கல் குடைவரைக் கோயிலில் எட்டாம் நூற்றாண்டு வாக்கில் ஓர் அதியன் வருகிறான். மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் விடுகாதழகிய பெருமாள் என்பவன் தன்னை அதியமான் வழி என்று சொல்லிக்கொள்கிறான். ஆயிரம் ஆண்டுக்கு மேல் நீண்ட பெயர். கல்வெட்டில் 'அதியன்' என்று பார்த்ததும் நெல்லிக்கனியை நினைத்துக்கொண்டால் இடையில் இருக்கும் அத்தனை பேரும் காணாமல் போவார்கள்.

ஔவைக்கும் இப்படித்தான். அதியமானோடு பழகிய ஔவை வேறு, ஆத்திசூடி எழுதிய ஔவை வேறு. இரண்டு பேருக்கும் நடுவே பல நூற்றாண்டு. கையில் கோல், முதுகில் கூன் என்று நாம் வரைகிற பாட்டியைச் சங்கப் பாட்டில் தேடினால் கிடைக்க மாட்டார். புறநானூற்று 89ஆம் பாட்டில் பகை வேந்தன் அவரை "வாள்நுதல் விறலி" என்கிறான். 91ஆம் பாட்டில்தான் அந்த நெல்லி வருகிறது. எனக்குப் பிடித்தது 95. தொண்டைமானின் ஆயுதங்கள் பீலி சூட்டி, நெய் பூசி, காவல் உள்ள மனையில் பளபளவென்று இருக்கின்றன, அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்லும் பாட்டு. இரும்பு உருக்கிய மண்ணில் பிறந்த பாட்டு என்று சொல்லத் தோன்றும் எனக்கு. அந்த இரும்புக் கதையை அப்புறம் சொல்கிறேன்.

நெடுமான் அஞ்சி பெயரைக் கல்லில் பார்க்க ஆசை இருந்தால் தருமபுரியில் தேடாதீர்கள். ஆற்றோடு கீழே போக வேண்டும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரைப் பக்கத்து ஜம்பையில் ஒரு பாறைக் குகையில், "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் ஒரே வரி. 1981ல் கண்டுபிடித்தார்கள். அசோகர் கல்வெட்டில் வரும் சதியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் பல காலம் முட்டி மோதிக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த ஒரு வரி பதில் சொன்னது.

இன்னும் சில பெயர்க் குழப்பங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாப்பாரப்பட்டியில் நினைவிடம் இருப்பது சுப்பிரமணிய சிவாவுக்கு. 1925ல் அவர் இறந்த ஊர் அது. அங்கே நின்றுகொண்டு பாரதியாரைப் பற்றிப் பேசுகிறவர்கள் உண்டு. பெண்ணேஸ்வரமடம் கோயிலை 'பெண் ஈஸ்வரர்' என்று பிரித்துக் கதை சொல்வார்கள். பக்கத்தில் ஓடும் பெண்ணையாற்றோடு சேர்த்துப் பார்த்தால் அந்தப் பெயர் வேறு மாதிரிப் புரியும். ராஜாஜியைச் சேலத்துக்காரர் என்றே பழைய ஆட்கள் சொல்வார்கள். அவர் பிறந்தது 1878ல், ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். தருமபுரி மாவட்டம் 1965ல் பிரிந்தது, கிருஷ்ணகிரி 2004ல் பிரிந்தது. பழைய கல்வெட்டு அறிக்கைகளில் நம் ஊரைத் தேடுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேடி ஒன்றுமில்லை என்று விட்டுவிடுவார்கள். சேலம் தொகுதியைப் புரட்டினால் நம் ஊர்க் கோயில் உள்ளே இருக்கும்.

எந்தக் கோட்டையும் திப்பு கட்டியது

கிருஷ்ணகிரி மலைக்கோட்டை அடிவாரத்தில் யாரைக் கேட்டாலும் "திப்பு சுல்தான் கோட்டை" என்பார்கள். ராயக்கோட்டையில் கேட்டாலும் அதேதான். திப்பு இந்தக் கோட்டைகளைப் பயன்படுத்தினார், பலப்படுத்தினார். ஆனால் கோட்டை ஒரே நாளில் ஒரே ஆள் கட்டும் வீடு இல்லை. விஜயநகரக் காலத்தில் போட்ட சுவர் மேல் அடுத்து வந்தவர் ஒரு வரிசை கல், மைசூர்க்காரர் ஒரு கொத்தளம், ஆங்கிலேயர் ஓர் ஓட்டை என்று அடுக்கடுக்காக வரும். இனிமேல் போனால் சுவரை ஒரு பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கீழே சுண்ணாம்பு இல்லாமல் ஒன்றோடொன்று கவ்வ வைத்த பெரிய கல் இருக்கும். மேலே சின்னக் கல்லும் சுண்ணாம்புக் காரையும் இருக்கும். நடுவே கை வைத்தால் தெரியும் இடைவெளி இருக்கும். அந்தக் கோட்டில் ஆட்சி மாறியிருக்கிறது.

நம் பக்கத்துக்குப் பழைய பெயர் 'பாராமகால்'. அப்படியென்றால் பன்னிரண்டு கோட்டை என்று சொல்கிறோம். அந்தப் பன்னிரண்டையும் மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டியல் ஆளுக்கு ஆள், புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. கிருஷ்ணகிரி, ஜகதேவி, மகராஜகடை, தட்டக்கல் என்று சில பெயர் அடிக்கடி வரும். இதுதான் சரியான பட்டியல் என்று சண்டை போட்டுப் பயனில்லை.

கிருஷ்ணகிரிக் கோட்டையில் என் மனசைத் தொட்ட செய்தி 1791 நவம்பர் மாதத்தது. மாக்ஸ்வெல் தலைமையில் வந்த ஆங்கிலப் படை கீழ்க்கோட்டையை எடுத்துவிட்டது. மேல்கோட்டைக்கு ஏற முயன்றபோது மேலிருந்து பாறைகளை உருட்டி விட்டார்கள். படை திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில்தான் பாராமகால் ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதாவது இந்த மலை சண்டையில் விழவில்லை, தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது. அப்புறம் அலெக்ஸாண்டர் ரீடு கலெக்டராக வந்தார். அவருக்கு உதவியாளராக வந்து தருமபுரியில் 1799 வரை இருந்தவர்தான் பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ. ரயத்துவாரி என்று நாம் படித்த நிலவரி முறைக்கு இந்த மானாவாரிக் காடுகளில்தான் அவர்கள் அளவு போட்டுப் பழகினார்கள்.

மலைக்கு ஊரில் 'சையத் பாஷா மலை' என்று பெயர். மேலே தர்கா இருக்கிறது. கோட்டை பார்க்க வந்த சிலர் தர்காவைப் பார்த்ததும் "இது எப்ப வந்தது?" என்று முகம் சுளிப்பார்கள். அதுவும் அந்த மலையின் வரலாறுதான். செருப்பைக் கழற்றிவிட்டு, சத்தம் குறைத்து, கும்பிடுகிறவர்களுக்கு வழி விட்டு நகர்வது நம் ஊர்ப் பழக்கம். அதே பழக்கம் அங்கேயும் போதும்.

தருமபுரிக் கோட்டைக் கோயிலில் வேறு மாதிரித் தவறு நடக்கிறது. மல்லிகார்ஜுனேஸ்வரர் கோயிலின் தொங்கும் தூணைப் பார்க்க ஆள் வருகிறது. தூணுக்குக் கீழே பேப்பர், துண்டு, ஏடிஎம் கார்டு என்று எதையாவது நுழைத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஒருநாளைக்கு நூறு பேர் உரசினால் கல்லானாலும் தேயும். பக்கத்திலேயே காமாட்சியம்மன் சன்னதியின் அடிப்பகுதியைச் சுற்றி யானைகள் தாங்குவது போல் செதுக்கியிருக்கிறார்கள், ராமாயணக் காட்சிகளும் உண்டு. குனிந்து பார்க்க வேண்டும். அதற்குத்தான் ஆள் இல்லை. இது நுளம்பர் என்ற அரச குடியின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோயில். அவர்கள் தகடூரை ஆண்டபோது கன்னடத்தில் எழுதினார்கள். நம் பக்கம் எல்லைப்புறம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் கல்வெட்டு கிடைக்கும். படிக்க முடியாத எழுத்தைப் பார்த்ததும் "சித்தர் பாஷை", "புதையல் குறிப்பு" என்று கிளப்பிவிட வேண்டாம்.

வேடியப்பன் கல்லில் எண்ணெய்

நடுகல், அதாவது இறந்த வீரனின் நினைவுக்கு நட்ட கல், விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தமிழ்நாட்டில் நடுகல் மிக அதிகமாகக் கிடைக்கும் வட்டாரங்களில் நம்முடையது ஒன்று. இந்தக் கற்கள் கோயில் மதிலுக்குள் இல்லை. வரப்பில், ஏரிக்கரையில், புளியமரத்தடியில், சில இடங்களில் துணி துவைக்கிற கல்லாக இருக்கின்றன.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு வேடியப்பன் கோயில் உண்டு. கோயில் என்றால் ஒரு வேப்பமரம், மூன்று பக்கம் அடுக்கிய கல், நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு பலகைக்கல், எதிரே நாலைந்து மண் குதிரை. நான் முதலில் பார்த்தபோது கல் முழுக்கக் கன்னங்கரேல் என்று இருந்தது. தொட்டால் விரலில் பிசுக்கு ஒட்டியது. எத்தனை தலைமுறை எண்ணெயோ. மேலே மஞ்சள், குங்குமம், கண்ணுக்கு இரண்டு வெள்ளித் தகடு. ஓர் ஆள் வில் பிடித்திருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மதியம் போய்ப் பார்த்து ஒன்றும் தெரியாமல் திரும்பிவிட்டேன். இன்னொரு நாள் சாயங்காலம் நாலரை மணிக்குப் போனேன். வெயில் பக்கவாட்டில் கல்லை உரசிக்கொண்டு விழுந்தது. வீரனின் தலைக்கு மேல் வரிவரியாகக் கீறல் எழுந்து நின்றது. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. பூசைக்கு வந்த பாட்டி என் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இதுல எழுத்து இருக்குதாப்பா? நாப்பது வருஷமா எண்ணெய் ஊத்தறேன், எனக்குத் தெரியாதே" என்றார். நான் அதை முழுசாகப் படிக்கத் தெரிந்தவன் இல்லை. ஆனால் கடைசி வரியில் 'கல்' என்ற சொல்லை கல்லை விரலால் தொடாமல் அவருக்குக் காட்டினேன்.

நடுகல் கல்வெட்டுக்கு ஒரு நடை இருக்கிறது, அது தெரிந்தால் பார்வை மாறும். முதலில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சி ஆண்டு என்று வரும், பல கற்களில் "கோவிசைய" என்று தொடங்கும். அடுத்து வீரன் யார், யாருடைய சேவகன், எந்த ஊர். அப்புறம் என்ன நடந்தது. பெரும்பாலும் 'தொறு', அதாவது மாட்டு மந்தை. பகைவர் தொறு கொண்டு போனபோது மீட்கப் போய் விழுந்தவன். "பட்டான்" என்று வரும், முடிவில் "கல்". படத்தில் வில், குறுவாள், உடம்பில் தைத்த அம்பு, காலடியில் கெண்டியும் (மூக்கு வைத்த செம்பு) சிமிழும் இருக்கும். புலியோடு சண்டையிட்டு இறந்தவனுக்குப் புலிகுத்திக்கல். பக்கத்து மாவட்டத்தில் செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல்லில் வீரனோடு நாயும் நிற்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றது என்று மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சி ஆண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை ஆயிரத்து நானூறு ஆண்டு கழித்து நாம் சொல்ல முடிகிறதென்றால், அந்த எழுத்தின் மேல் யாரும் பெயின்ட் அடிக்காததால்தான்.

படித்தவர்கள் இங்கே செய்யும் முதல் தவறு, ஊர்க்காரர்களிடம் "இது சாமி இல்லை, செத்தவன் கல்" என்று சொல்வது. தயவு செய்து சொல்லாதீர்கள். பக்கத்தில் கேட்பாரற்றுக் கிடந்த கற்கள் பாலத்துக்கும் படிக்கட்டுக்கும் போய்விட்டன. சாமி என்று கும்பிட்ட கல் இன்னும் நிற்கிறது. செத்தவனுக்குத்தான் கல் நட்டார்கள், அவனைத்தான் கும்பிட்டார்கள். நம் முன்னோருக்கு அதில் முரண் எதுவும் தெரியவில்லை. நடுகல் என்றாலே அடியில் உடல் புதைத்த இடம் என்று நினைப்பதும் சரியில்லை. அது நினைவுக்கு நட்ட கல்.

நான் பாட்டியிடம் கேட்டது இவ்வளவுதான்: எண்ணெயைக் கல்லின் மேல் ஊற்றாமல் விளக்கில் ஊற்ற முடியுமா, பொட்டை எழுத்து இல்லாத இடத்தில் வைக்க முடியுமா. "அதுக்கென்ன, வெக்கிறேன்" என்றார். எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, அதன் மேல் இன்னொரு எண்ணெய் என்று ஏறி எழுத்தின் பள்ளத்தை மூடிவிடுகிறது.

எண்ணெயைவிடக் கொடுமை எனாமல் பெயின்ட். கும்பாபிஷேகம் வந்தால் வீரனுக்கு ரோஸ் நிறம், வேட்டிக்குப் பச்சை என்று அடித்துவிடுவார்கள், எழுத்து இருந்த இடம் வழவழவென்று ஆகிவிடும். அடுத்தது டைல்ஸும் சிமென்டும். மேடை கட்டுகிறேன் என்று கல்லின் கீழ்ப்பகுதியை ஒரு முழம் புதைத்துவிட்டால், கீழே இருந்த வரிகள் போய்விட்டன. செலவு செய்கிறவர் ஊருக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் செய்கிறார். மேடை கட்டும் முன் கல்லின் நாலு பக்கமும் படம் எடுத்து ஒரு தொல்லியல் அலுவலரிடம் காட்டினால், அதே செலவில் எழுத்தும் தப்பிக்கும். பெரிய கோயில்களில் சுவரைச் சுத்தம் செய்ய மணலை வேகமாகப் பீய்ச்சி அடிக்கிறார்கள் பாருங்கள், அதிலும் அழுக்கோடு எழுத்தும் சேர்ந்து போகும்.

ஆர்வலர்கள் செய்யும் தவறு வேறு. எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, கம்பி பிரஷ், ஆசிட். நானே ஆரம்பத்தில் சாக்பீஸ் தேய்த்திருக்கிறேன். தவறு இரண்டு வகையில். கல் தேய்கிறது, அதோடு நாம் எழுத்து என்று நினைத்த கீறலை எல்லாம் வெள்ளையாக்கிவிட்டு, பின்னால் வருகிறவரையும் தப்பாகப் படிக்க வைக்கிறோம். காலை ஏழு மணி வெயிலும் சாயங்கால வெயிலும் போதும். மரநிழலில் இருக்கும் கல் என்றால் இருட்டிய பிறகு ஒரு டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து தானாக எழும். வெறும் தண்ணீர், பருத்தித் துணி, அதற்கு மேல் எதுவும் வேண்டாம். படத்தில் ஒரு ஸ்கேலோ தீப்பெட்டியோ வைத்தால் அளவு தெரியும். தாளை ஒட்டி மை தட்டி எடுக்கும் மைப்படி, பழகியவர்கள் செய்யும் வேலை.

காட்டோரத்தில் தனியாக நிற்கும் கல்லின் சரியான இடத்தைச் செல்போனில் எல்லோருக்கும் அனுப்பவும் வேண்டாம். ஏன் என்பது அடுத்து.

அடியில் தங்கம் இருக்கிறதா?

இல்லை. கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு என்றும், குள்ள மனிதர் வாழ்ந்த வீடு என்றும் சொல்வார்கள். நாலு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், முன்பக்கக் கல்லில் வட்டமாக ஒரு துளை. பார்த்தால் சின்ன வீடு மாதிரிதான் இருக்கும். மல்லசந்திரம் மோரல்பாறையில் மலைமேல் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன, சிலவற்றின் உள்ளே வெள்ளை நிற ஓவியமும் உண்டு. இவை பெருங்கற்கால மக்கள் இறந்தவர்களுக்கு அமைத்தவை. இந்த மாதிரி இடங்களில் முறையாகத் தோண்டியபோது கிடைப்பது எலும்புத் துண்டு, கறுப்பு சிவப்புப் பானை, இரும்புக் கருவி. புதையல் என்று இரவில் கடப்பாரையோடு போய் மூடுகல்லைப் புரட்டிய இடங்களைப் பார்த்திருக்கிறேன். உடைந்த பானை ஓடு சிதறிக் கிடக்கும். அந்தப் பானை எந்த எலும்போடு, எந்த இரும்போடு, எந்த ஆழத்தில் இருந்தது என்பதில்தான் செய்தி இருந்தது. அது போய்விட்டது.

வீட்டுக் கடைக்காலோ கிணறோ தோண்டும்போது தற்செயலாக ஏதாவது கிடைத்தால் மேற்கொண்டு தோண்டாமல் வி.ஏ.ஓ.விடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம், இன்றும் இருக்கிறது. "சொன்னால் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்" என்ற பயத்தில் பானையைப் போட்டு உடைத்து மண்ணைத் தள்ளி மூடுகிறார்கள். அந்தப் பயத்தைப் போக்குவது பக்கத்தில் இருக்கும் நம் வேலை.

இரும்பு என்றதும் மயிலாடும்பாறை ஞாபகம் வரும். தொகரப்பள்ளி அருகே தோண்டிய அந்த இடத்தின் இரும்புக்குக் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நாங்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் போன் போட்டுச் சொல்லிக்கொண்டோம். இன்றைக்கும் நம் பக்கத்தில் "உலகத்திலேயே பழைய இரும்பு மயிலாடும்பாறை" என்று போஸ்டர் போடுகிறார்கள். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்கு அதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்தைய காலம், கி.மு. 3345, அறிவிக்கப்பட்டுவிட்டது. இதனால் மயிலாடும்பாறை சிறுத்துப் போகவில்லை. நாலாயிரம் ஆண்டுக்கு முன் இந்தக் கரட்டு மண்ணில் இரும்பு இருந்தது என்பது அப்படியேதான் இருக்கிறது. 'முதல்', 'பழைய', 'பெரிய' என்ற சொற்களை வைத்து ஊரைப் புகழ்ந்தால், அடுத்த ஆண்டு இன்னோர் ஊரில் குழி வெட்டியதும் அந்தப் புகழ் போய்விடும். எந்த ஆண்டு அறிவித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால் போதும். ஊத்தங்கரைப் பக்கம் சென்னானூரிலும் 2024ல் அகழாய்வு நடந்தது.

போகிற நேரம், போகிற விதம்

கோட்டைக்கு மார்ச் முதல் மே வரை பத்து மணிக்கு மேல் ஏறாதீர்கள். கருங்கல் சூடு கீழிருந்தும் அடிக்கும். பிள்ளைகளுக்கு மயக்கம் வருவதைப் பார்த்திருக்கிறேன். மழை பெய்த மறுநாள் பாசியில் கால் வழுக்கும். மேலே இருக்கும் சுனை பார்க்கக் குளம் மாதிரி இருக்கும், ஆழம் தெரியாது, இறங்க வேண்டாம். பாறை இடுக்கில் மலைத்தேனீக் கூடு இருக்கும், அங்கே புகை போடுவது, சத்தம் போடுவது, வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டு போவது எல்லாம் ஆபத்து. ராகி முற்றும் மாதங்களில் தேன்கனிக்கோட்டை, ராயக்கோட்டைப் பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பாறை ஓவியம் பார்க்கக் காட்டுக்குள் போவதானால் வனத்துறையிடம் கேட்டு, ஊர்க்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அவருக்குக் கூலி கொடுங்கள். ஆடு மேய்க்கிறவர் காட்டிய ஓவியங்கள்தான் எனக்குத் தெரிந்த பாதி.

ஓவியத்தைத் தொடாதீர்கள், தண்ணீர் தெளித்து 'பளிச்' ஆக்காதீர்கள். குகைக்குள் அடுப்பு மூட்டிச் சமைத்தால் கரிப்புகை ஓவியத்தின் மேல் படியும். பெயர் கிறுக்குவதைப் பற்றி ஒன்று மட்டும்: கிருஷ்ணகிரிக் கோட்டையும் ராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். பையன்களுக்கு இது தெரிவதில்லை. ஏறும் முன் கீழேயே சொல்லிவிட்டால் அவர்களே கேட்டுக்கொள்கிறார்கள்.

தீர்த்தமலைக்குப் போகிறவர்கள் வழக்கப்படி அனுமன் தீர்த்தத்தில் குளித்துவிட்டுப் போவார்கள். ஆற்றில் விடும் பழைய துணியைக் கரையிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிடுங்கள். அது பாறை இடுக்கில் சிக்கி அழுகுகிறது.

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. குடும்பத்தோடு வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவம் எங்களுக்கு உண்டு. தருமபுரியில் அகழ்வைப்பகம் என்ற தொல்லியல் காட்சியகம் இருக்கிறது, நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வயல்வெளிக் கல்லைத் தேடிப் போகும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். கெண்டி எது, சிமிழ் எது, வட்டெழுத்து எப்படி வளையும் என்று கண்ணுக்குப் பழகிவிடும். அண்ணன் மகளை அங்கே கூட்டிப் போனபோது ஒவ்வொரு கல்லின் முன்னாலும் குனிந்து கடைசி வரியைத்தான் முதலில் பார்த்தாள். ஐந்தாவதோ ஆறாவதோ கல்லில், "சித்தப்பா, இங்கயும் 'கல்'னு இருக்கு" என்றாள்.